காணாமல் போகாத ஜான் ஹர்ட்

மிசிசிப்பி ஜான் ஹர்ட் என்று ஒருத்தர் இருந்தார். அமெரிக்காவின் தெற்கே மிசிசிப்பி மாநிலத்தில் அவலான் என்கிற சின்ன ஊர். கறுப்பினத்துச் சம்சாரி. அடுத்தவர் நிலத்தில் வாரத்துக்குப் பருத்தி போட்டார், மாடு பார்த்தார், ரயில் பாதையில் கூலி வேலை செய்தார். சனிக்கிழமை ராத்திரி ஆனால் கிட்டார் வாசிப்பார். அந்தக் கிட்டாரை அவருக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை.

அவர் இறந்து அறுபது வருஷம் ஆகப்போகிறது. இன்றைக்கும் விரலால் கிட்டார் வாசிக்கப் பழகுகிறவர்களில் நிறையப் பேர் இவர் பாட்டு ஒன்றிரண்டில்தான் கையைப் பழக்குகிறார்கள்.

சங்கீதம் பத்தி எழுத நான் யாருங்க? எனக்குத் தெரிஞ்சது சோளம், பருத்தி, உளுந்து. ராகம் எது தாளம் எதுன்னு கேட்டா முழிப்பேன். ஆனா இவர் பாட்டை எழுதுறவங்க எல்லாரும் இசை தெரிஞ்சவங்களா இருக்காங்க. கட்டை விரல் எந்தக் கம்பியில் போகுது, எந்தச் சுதியில் பாடுறார்னு பக்கம் பக்கமா எழுதுறாங்க. பருத்தி எடுத்த கை அதுன்னு ஒரு வரியில் சொல்லிட்டுத் தாண்டிப் போயிடுறாங்க. அந்த ஒரு வரியைப் பத்தித்தான் எனக்குச் சொல்ல இருக்கு.

அவர் பிறந்தது 1892 என்று ஒரு கணக்கு, 1893 என்று ஒரு கணக்கு. எங்க அப்பாவுக்குப் பிறந்த தேதி வைத்தது பள்ளிக்கூடத்து வாத்தியார்தான் என்பதால் இது எனக்கு ஆச்சரியமாக இல்லை. அவலானுக்குப் பக்கத்தில் டியோக் என்ற இடத்தில் பிறந்தார், சின்னப் பிள்ளையிலேயே குடும்பம் அவலானுக்கு வந்துவிட்டது. அந்த இடத்தின் அமைப்பைத் தெரிந்துகொள்ளணும். மேற்கே பார்த்தால் மிசிசிப்பி டெல்டா. கண்ணுக்கு எட்டுகிற வரைக்கும் சமதரை, ஆத்து வண்டல், பெரிய பெரிய பண்ணைகள். கிழக்கே குன்றும் காடுமான மேட்டு நிலம். இரண்டும் சேருகிற விளிம்பில் அவலான். டெல்டாவின் புளூஸ் பாட்டில் ஒரு கடுமை இருக்கும், தொண்டையைக் கீறிக்கொண்டு வரும். சார்லி பேட்டன், சன் ஹவுஸ் எல்லாம் அந்த ரகம். அதற்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு ஜான் ஹர்ட் பாடியது திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற குரலில்.

அவர் கத்துக்கிட்ட கதையை அவரே சொல்லியிருக்கார். ஒன்பது வயசு இருக்கும். ஒரு ஆள் அவங்க வீட்டில் வந்து தங்குவார், அவர்கிட்ட கிட்டார் இருக்கும். பையனைத் தொட விட மாட்டார். அவர் தூங்கின பிறகு பையன் மெதுவாக எடுத்து, சத்தம் வராமல் வாசித்துப் பார்ப்பான். அப்புறம் அம்மா ஒன்றரை டாலருக்கு ஒரு பழைய கிட்டார் வாங்கிக் கொடுத்தார். அதுக்கு பிளாக் ஆனி என்று பெயர். கிட்டார் எப்படி ஒலிக்கணும்னு தன் மனசுக்குப் பட்டதோ, அப்படியே வாசிச்சதாகத்தான் பின்னாடி கேட்டவங்ககிட்ட அவர் சொன்னார். வேற விளக்கம் கிடையாது.

வீடு தூங்கும்போது கத்துக்கிட்ட வாசிப்பு. அதனால்தான் அது இவ்வளவு மெதுவோ என்று எனக்குத் தோணும். நிரூபிக்க முடியாது. ஆனா கேட்டுப் பாருங்க.

அந்த வாசிப்பை எனக்குத் தெரிஞ்ச பாஷையில் சொல்றேன். பெருவிரல் தடித்த கம்பிகளில் மாறி மாறி விழுந்துகொண்டே இருக்கும். டும், டக், டும், டக். கிணத்து மோட்டார் ஓடுற மாதிரி ஒரே சீர், பாட்டு முடியுற வரைக்கும் நிக்காது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மெல்லிய கம்பிகளில் பாட்டின் மெட்டை எடுக்கும். மிச்ச ரெண்டு விரலும் கிட்டார் பலகையில் சும்மா ஊன்றியிருக்கும். இந்த மெட்டு இருக்கே, அது பெருவிரலோடு சேர்ந்து அடி வைக்காது. கொஞ்சம் முந்தும், கொஞ்சம் பிந்தும், எங்கயோ போய்ட்டு வந்து சேர்ந்துக்கும். கண்ணை மூடிக் கேட்டால் ரெண்டு பேர் வாசிக்கிற மாதிரி இருக்கும்.

களை எடுக்குற பொம்பளைங்களை நீங்க பார்த்திருந்தா இது சுலபமாப் புரியும். நிரை பிடிச்சு வரிசையாப் போவாங்க. கை ஒரு சீராக் களையைக் கொத்திக்கிட்டே இருக்கும். வாய் மட்டும் மருமக கதை, மாமியா கதை, போன வருஷத்துச் சண்டைன்னு எங்கெங்கயோ போகும், நடுவுல சிரிப்பு வரும், கை நிக்காது. ஜான் ஹர்டோட பெருவிரல் அந்தக் கை. மத்த ரெண்டு விரலும் அந்தப் பேச்சு.

இப்போ வாரத்துக்கு வருவோம். எங்க தாத்தாவும் வாரத்துக்கு உழுதவர்தான். அதனால் மிசிசிப்பியில் நடந்த வாரக் கணக்கைப் படித்தபோது எனக்கு அகராதி தேவைப்படவில்லை. நிலம் முதலாளியோடது. குடிசை, கோவேறு கழுதை, விதை எல்லாம் அவர் கொடுப்பார். வருஷம் பூரா சாப்பாட்டுச் சாமானுக்குக் கடையில் கடன் எழுதிக்குவார். அறுவடை முடிந்ததும் பாதி மகசூல் அவருக்கு. மீதிப் பாதியில் கடனையும் வட்டியையும் கழிப்பார். கணக்கு நோட்டு அவர் கையில். ஒரு கறுப்பர் அந்த நோட்டைக் காட்டுங்க என்று கேட்டுவிட்டு அதே ஊரில் நிம்மதியாகக் குடியிருக்க முடியாது. கணக்கு எவ்வளவு தப்பாக இருந்தாலும் தலையாட்டிவிட்டு அடுத்த வருஷ உழவுக்குப் போக வேண்டியதுதான். நோட்டைக் கேட்க முடியாத இந்த நிலைமைக்கு அவங்க ஊரில் நிறம் காரணம். நம்ம ஊரில் அதுக்கு என்ன பேருன்னு நான் சொல்லித்தான் தெரியணும்னு இல்லை.

பருத்தி எடுக்கிறதும் ஒரே மாதிரிதான். எங்க பக்கம் பெண்கள் மடி கட்டிக்கொண்டு எடுப்பாங்க. அங்கே தோளில் ஒரு நீளச் சாக்கை மாட்டி, நிரை நெடுக இழுத்துக்கொண்டே போவாங்க. வெடித்த காயின் ஓட்டு நுனி காய்ந்து ஊசி மாதிரி இருக்கும். சுளையை மட்டும் லாவகமாக உருவத் தெரியணும். தெரியாதவன் விரல் நுனி சாயங்காலம் ரத்தம் காட்டும். தெரிஞ்சவனுக்கும் நகக்கண் ஓரமெல்லாம் வெடிப்பு விட்டிருக்கும். கரிசல் காட்டில் பருத்தி எடுத்துவிட்டு ராத்திரி சோத்துக் குழம்பில் கையை வைத்தால் எரியுற எரிச்சல் எனக்குத் தெரியும். அந்தக் கையால் எஃகுக் கம்பியைத் தடவுவதை நினைத்துப் பார்க்கிறேன். இவர் வாசிப்பு பஞ்சு மாதிரி மென்மை என்று எழுதுகிறார்கள். பஞ்சு எடுத்தவனுக்குத்தான் தெரியும், அது எவ்வளவு முள்ளுக்கு நடுவில் இருக்கிறதென்று.

ஊர் ஆட்டங்களுக்கு வாசித்தார். அந்த வட்டாரத்தில் வில்லி நார்மோர் என்று ஒரு வெள்ளைக்காரர், அவரும் விவசாயி, வயலின் வாசிப்பார். நார்மோரின் ஜோடியான ஷெல் ஸ்மித் வராத நாட்களில் ஜான் ஹர்ட்தான் கூட வாசிப்பார். நிறப் பிரிவினை உச்சத்தில் இருந்த மிசிசிப்பியில் கறுப்பரும் வெள்ளைக்காரரும் ஒன்றாக உட்கார்ந்து வாசித்தார்கள் என்பதை வைத்து ரொம்ப உருக வேண்டாம். வாசிக்கும்போது ஒரே பலகை, வாசித்து முடித்தபின் தனித்தனி வாசல். அதுதான் அந்த ஊர்ச் சட்டம்.

ஆனால் அந்தப் பழக்கம்தான் ஜான் ஹர்டை வெளியே கொண்டுபோனது. நார்மோருக்கு ஓக்கே என்ற இசைத்தட்டு கம்பெனியில் வாய்ப்பு வந்தது. உங்க பக்கம் இன்னும் யாராவது இருக்காங்களா என்று கம்பெனிக்காரர் டாமி ராக்வெல் கேட்க, நார்மோர் ஜான் ஹர்டைக் கை காட்டினார். 1928 பிப்ரவரியில் மெம்ஃபிஸ் நகரத்தில் பதிவு. எட்டுப் பாட்டு பாடினார், வெளிவந்தது ரெண்டு. பெரிய கூடம், உள்ளே மூணே பேர். மைக்குக்கு நேரே தலையை அசைக்காமல் உட்காரச் சொன்னதில் பல நாள் கழுத்து வலித்தது என்று பின்னாளில் சொல்லியிருக்கார். அதே வருஷம் டிசம்பரில் நியூயார்க். கிறிஸ்துமஸ் சமயம். பனியும் கூட்டமுமான அந்த ஊரில், வீட்டு ஞாபகம் வந்து தன் ஊர்ப் பெயரையே வைத்து ஒரு பாட்டுப் பாடினார். 'அவலான் புளூஸ்'. இந்தப் பாட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், 35 வருஷம் கழித்து வேலைக்கு ஆகும்.

அவர் பெயருக்கு முன்னால் 'மிசிசிப்பி' என்று ஒட்டியது கம்பெனிதான், விற்பனைக்காக. ஊரில் அவர் வெறும் ஜான் ஹர்ட்.

அந்தப் பதிவுகளில் 13 பாட்டு இன்றைக்கு மிஞ்சியிருக்கிறது. அதில் ஒன்று 'ஸ்பைக் டிரைவர் புளூஸ்'. ரயில் பாதை வேலைக்குப் போன இடத்தில் கூட வேலை பார்த்தவரிடம் கேட்டுக் கத்துக்கிட்டது. ஜான் ஹென்றி கதை அமெரிக்காவில் பிரபலம். சுத்தியலோடு இயந்திரத்துடன் போட்டி போட்டு ஜெயித்து, அங்கேயே மாரடைத்துச் செத்துப்போன தொழிலாளி. மற்ற பாட்டுகள் அவனை வீரன் என்று கொண்டாடும். இந்தப் பாட்டில் வருகிற ஆள் வேற மாதிரி. அந்தச் சுத்தியல் அவனைக் கொன்றது, என்னைக் கொல்லாது என்று அதை மேஸ்திரியிடம் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடக்கிறான். உடம்பால் உழைக்கிறவன் பாடுகிற பாட்டு இப்படித்தான் இருக்கும். செத்தால்தான் வீரன் என்பது வேடிக்கை பார்க்கிறவனுக்கு வேண்டிய கதை.

தட்டு ஒன்றும் பெரிசாக விற்கவில்லை. அடுத்த வருஷம் 1929. பெருமந்தம். இசைத்தட்டு வியாபாரம் படுத்தது. பருத்தியும் படுத்தது. 1929இல் ராத்தல் 17 சென்ட் சுமாருக்கு விற்ற பருத்தி 1931இல் 6 சென்ட்டுக்கும் கீழே போனது. மூணில் ஒரு பங்கு விலை. விளைஞ்சதை என்ன செய்றதுன்னு தெரியாம காட்டோரம் நிக்கிற சம்சாரி முகம் எனக்குத் தெரியும், அதுக்கு மிசிசிப்பி போக வேண்டியதில்லை. கம்பெனி மறுபடி கூப்பிடவில்லை. ஜான் ஹர்ட் ஏரைப் பிடித்தார். அவ்வளவுதான்.

போன வருஷம் சென்னையிலிருந்து அக்கா மகன் வந்திருந்தான். மும்முனைக் கரண்ட் அந்த வாரம் எங்களுக்கு ராத்திரி முறை. மடை மாத்திவிடப் போகும்போது கூடவே வந்தான். கிணத்து மேட்டில் உட்கார்ந்து போனில் இவர் பாட்டைப் போட்டுவிட்டுச் சொன்னான்: "மாமா, இவரு 35 வருஷம் காணாமப் போயிட்டாரு. அப்புறம்தான் கண்டுபிடிச்சாங்க."

"எங்க மாப்ள காணாமப் போனாரு?"

"எங்கயும் போகல. ஊர்லதான் இருந்தாரு."

"அப்ப எப்படி காணாமப் போனதாகும்?"

அவன் சிரித்தான். அவனைச் சொல்லிக் குத்தமில்லை. எல்லாப் புத்தகத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கு. 'மறைந்துபோனார்', 'மீண்டும் கண்டெடுக்கப்பட்டார்'. அந்த 35 வருஷத்தில் அவர் எத்தனை பருவம் விதைத்தார், எத்தனை தடவை காய்ப்புழு விழுந்தது, எத்தனை சனிக்கிழமை யார் வீட்டு முற்றத்தில் வாசித்தார் என்பதெல்லாம் இசை வரலாற்றில் வெற்றுப் பக்கம். நகரம் பார்க்காத காலம் நடக்காத காலம்.

கண்டெடுத்த கதைக்கு வருவோம். 1952இல் ஹாரி ஸ்மித் என்பவர் பழைய இசைத்தட்டுகளிலிருந்து பொறுக்கி ஒரு பெரிய தொகுப்பு வெளியிட்டார். அதில் ஜான் ஹர்டின் பாட்டு ரெண்டு இருந்தது. நகரத்து இளைஞர்கள் கேட்டுக் கிறங்கிப்போனார்கள். ஆள் செத்திருப்பார் என்றுதான் பலரும் நினைத்தார்கள். அப்புறம் வாஷிங்டனில் இசைத்தட்டு சேகரிக்கிற இளைஞர்கள் சிலர் கையில் 'அவலான் புளூஸ்' கிடைத்தது. இந்த ஆள் தன் ஊர்ப் பெயரைப் பாட்டிலேயே சொல்கிறாரே என்று டாம் ஹாஸ்கின்ஸ் என்பவருக்குப் பொறி தட்டியது. அப்போதைய வரைபடத்தில் மிசிசிப்பியில் அவலான் இல்லை. 1878இல் வந்த பழைய நிலப்படப் புத்தகம் ஒன்றில் இருந்தது, கிரீன்வுட்டுக்கும் கிரெனடாவுக்கும் நடுவில். 1963 வசந்தத்தில் ஹாஸ்கின்ஸ் கார் ஏறினார். அவலானில் ஒரு கடையில் நிறுத்தி, ஜான் ஹர்ட் என்று ஒருத்தர் இருந்தாராமே என்று விசாரித்தார். கடையில் இருந்தவர்களுக்கு இது ஒரு கேள்வியாகவே படவில்லை. இந்த ரோட்டில் ஒரு மைல் போ, மேட்டில் மூணாவது தபால் பெட்டி என்று கை காட்டினார்கள்.

35 வருஷம் காணாமல் போன ஆளின் விலாசம் ஒரு கடையில் நின்று வழி கேட்கிற தூரத்தில் இருந்தது.

இதற்கு அப்புறம் நடந்ததைத்தான் எல்லாரும் சிரித்துக்கொண்டே எழுதுகிறார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. வாசலில் வந்து நின்ற வெள்ளைக்கார இளைஞனைப் பார்த்து ஜான் ஹர்ட் பயந்துவிட்டார். போலீஸோ, அரசாங்க உளவு ஆளோ என்று நினைத்தார். தான் எந்தத் தப்பும் செய்யவில்லையே என்று குழம்பினார்.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. அவலானிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லக்கூடிய மணி என்ற ஊரில்தான் 1955இல் எம்மெட் டில் என்ற பதினாலு வயசுப் பையனை, கடைக்கார வெள்ளைப் பெண்ணிடம் ஏதோ பேசினான் என்று தூக்கிக்கொண்டு போய்க் கொன்றார்கள். கொன்றவர்களை நீதிமன்றம் விடுவித்தது. கிரீன்வுட் இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர்தான். 1963இன் தொடக்கத்தில் அங்கே கறுப்பர்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் போராடிக்கொண்டிருந்தார்கள். பதிலுக்கு ஏழைகளுக்கு வந்த அரசாங்க உணவுப் பொருளை மாவட்ட நிர்வாகம் நிறுத்தியிருந்தது. பிப்ரவரி கடைசியில் ஜிம்மி டிராவிஸ் என்ற இளம் தொண்டரைக் காரில் வைத்தே சுட்டார்கள். அந்த வருஷம், அந்த வட்டாரத்தில், முன்பின் தெரியாத வெள்ளைக்காரன் வாசலில் வந்து பெயரைச் சொல்லிக் கேட்டால், எழுபது வயசு கறுப்பினப் பெரியவர் பாட்டுக் கேட்க வந்திருக்கான் என்றா நினைப்பார்?

ஹாஸ்கின்ஸ் விஷயத்தைச் சொன்னார். நீங்கதான் அந்த ஜான் ஹர்ட் என்றால் வாசித்துக் காட்டுங்க என்றார். அப்போது அவரிடம் சொந்தமாக ஒரு கிட்டார் இல்லை. வந்தவர் தன் கிட்டாரை நீட்டினார். பெரியவர் வாங்கினார், வாசித்தார். சந்தேகத்துக்கு இடமில்லை. பெருவிரல் அதே இடத்தில் இருந்தது.

இதைக் கொஞ்சம் யோசிக்கணும். அதே காலத்தில் தேடிக் கண்டுபிடித்த மற்றொரு பெரியவர் சன் ஹவுஸ். அவர் பல வருஷம் முன்பே வடக்கே நகரத்துக்குக் குடிபோய், வாசிப்பையே விட்டிருந்தார். அவருடைய பழைய பாட்டை அவருக்கே ஒரு இளைஞர் உட்கார்ந்து ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. ஜான் ஹர்டுக்கு அந்தத் தேவை வரவில்லை. இடையில் கேட்க ஆள் இருந்துச்சு. பக்கத்து வீட்டுக்காரன் கேட்டான், பேரப் பிள்ளை கேட்டது. மாறச் சொல்லிக் கட்டாயப்படுத்த யாரும் இல்லை. புது மோஸ்தர் பாட்டு வந்துருச்சு, அதை வாசின்னு சொல்ல ஒரு கம்பெனி இல்லை. ஊர் அந்த வாசிப்பை விதை நெல் மாதிரி வைத்திருந்தது.

ஆனால் இதைச் சொன்ன கையோடு இன்னொன்றையும் சொல்லணும். இல்லையென்றால் அது பொய். விதையைக் காப்பாற்றிய ஊர் அவருக்கு வயிறாரச் சோறு போடவில்லை. எழுபது வயசில் அவர் அடுத்தவர் மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை வருஷம் வாசித்த மனுஷன் ஒரு கிட்டார் வைத்துக்கொள்ள முடியாத நிலையில் இருந்தார். டவுனிலிருந்து வருகிற நண்பர்கள் எங்க வரப்பில் நின்று, "என்ன நிம்மதியான வாழ்க்கைங்க உங்களுக்கு" என்று சொல்லும்போது நான் சிரித்து வைப்பேன். ஜான் ஹர்டின் பாட்டில் இருக்கிற நிம்மதியைக் கேட்டுவிட்டு, வாழ்க்கையும் அப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறவர்களும் அந்த ரகம்தான். அந்த நிதானம் வாழ்க்கை கொடுத்தது இல்லை. அவராக உண்டாக்கிக்கொண்டது. ராத்திரி ரெண்டு மணி நேரம், வாரத்தில் ஒரு நாள்.

மிச்சக் கதை வேகமாக ஓடும். 1963 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காகப் பாடல்களைப் பதிவு செய்தார்கள். அதே மாசக் கடைசியில் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா. பழுப்புத் தொப்பி வைத்த சின்ன உருவம், நாற்காலியில் உட்கார்ந்து வீட்டுத் திண்ணையில் வாசிக்கிற மாதிரியே வாசித்தார். ஆயிரக்கணக்கான இளைஞர்கள் சத்தமில்லாமல் கேட்டார்கள். அதே விழாவில் பாப் டிலன், ஒரு மாசத்துக்கு முன் மிசிசிப்பியில் சுட்டுக்கொல்லப்பட்ட மெட்கர் எவர்ஸ் பற்றிப் பாடினார். கொலையாளி கிரீன்வுட் ஊர்க்காரன். ஒரே மேடையில் ஒருத்தர் அந்தக் கொலையைப் பாடினார். இன்னொருத்தர் அந்தக் கொலைகாரனின் ஊருக்குப் பக்கத்திலேயே வாழ்ந்துவிட்டு வந்து, மிட்டாய்க்காரனைப் பற்றிப் பாடினார். ரெண்டும் தேவைதான்.

குடும்பத்தோடு வாஷிங்டனில் குடியேறினார். காப்பிக் கடைகளில், கல்லூரிகளில் வாசித்தார். புது இசைத்தட்டுகள் வந்தன. அவர் காப்பியைப் பற்றிப் பாடிய ஒரு பாட்டில் வரும் சொல்லை எடுத்துத்தான் 'லவ்வின் ஸ்பூன்ஃபுல்' என்ற பிரபல ராக் குழு தனக்குப் பேர் வைத்துக்கொண்டது. வாரக் கணக்கில் பாதி போன மனுஷனுக்குக் கடைசி மூணு வருஷம் கொஞ்சம் காசு வந்தது, மரியாதை வந்தது.

அப்புறம் திரும்பிவிட்டார். நகரம் அவ்வளவு கொண்டாடியும் மிசிசிப்பிக்கே, அவலானுக்குப் பக்கத்து டவுனான கிரெனடாவுக்கு. அது ஒன்றும் சாந்தி நிலவிய ஊர் இல்லை. 1966 செப்டம்பரில் வெள்ளையர் பள்ளிக்கூடத்தில் சேரப் போன கறுப்பினப் பிள்ளைகளை ஒரு கும்பல் தடியும் சங்கிலியுமாக அடித்த ஊர் அதுதான். அந்த ஊரில் 1966 நவம்பர் 2 அன்று மாரடைப்பில் இறந்தார். அவலான் பக்கத்துக் காட்டுக்குள் இருக்கும் இடுகாட்டில் புதைத்தார்கள். அவர் பதிவுகள் யாருக்குச் சொந்தம் என்று வழக்கு நடந்து, அவர் போய்ப் பத்து வருஷம் ஆகும்போதும் நீதிமன்றத்தில் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தார்கள். இருந்தபோது வாரம் கேட்டு வந்தவர்கள் நிலத்துக்காரர்கள், போன பிறகு வந்தவர்கள் கம்பெனிக்காரர்கள்.

ஏன் திரும்பினார் என்று சிலர் வியக்கிறார்கள். எனக்கு இதில் வியக்க ஒன்றும் இல்லை. அடித்த ஊராக இருந்தாலும் அது ஊர். அங்கேதான் அவரை யாரும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

அவர் வாழ்ந்த சின்ன மரவீட்டை அருங்காட்சியகமாக வைத்திருந்தார்கள். 2024இல் அது தீயில் எரிந்துபோனது. கல்லறை இருக்கிறது. தேடிப் போகிறவர்கள் அதன் மேல் காசும் கிட்டார் வில்லையும் வைத்துவிட்டு வருகிறார்களாம்.

நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். 1928 பதிவுகள் யூடியூபில் இருக்கின்றன. முதலில் அதைக் கேளுங்கள். தட்டு தேய்ந்த இரைச்சல் இருக்கும், மானாவாரிக் காட்டில் தூறல் விழுகிற மாதிரி. பழகிவிடும். அப்புறம் 1963க்குப் பிறகு பாடியதைக் கேளுங்கள். குரல் கனத்திருக்கும், வேகம் கொஞ்சம் குறைந்திருக்கும். பெருவிரலை மட்டும் கவனியுங்கள். இரண்டுக்கும் நடுவில் 35 உழவு இருக்கிறது. அது ஒரு அடி கூடத் தப்பியிருக்காது.